எண்பது கிலோ

முதலாம் பாடம் வாசிக்க இந்த ஞாயிறு என் முறை.
காவேரிப்பட்டணத்து ஆலயத்தில் மின்விசிறி மூன்று.
ஓடுவது ஒன்று, அதுவும் முன்வரிசைக்கு மேலே.
முன்வரிசையில் என் முதலாளி செல்வநேசன்,
மாங்கூழ் ஆலை, கோபுரக் கமிட்டித் தலைவர்.

தெக்கோவாவிலிருந்து வந்த அந்த ஆட்டுக்காரன்
கெட்டிக்காரன்.
முதலில் தமஸ்குவைப் பிடித்தான்,
பிறகு காசா, தீரு, ஏதோம்.
கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள்,
போன மாதம் பர்கூர் கன்வென்ஷனில்
பிரசங்கியார் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டு
அழியப்போகும் தேசங்களைக் குச்சியால் தொட்டபோது
நாங்கள் ஆமென் சொன்ன மாதிரி.
என் ஆமென் மைக்கில்லாமலே கேட்டது.

அக்கம்பக்கமெல்லாம் முடித்துவிட்டு
அவன் சொந்த ஜனத்தின் பெயரைச் சொன்னபோது
ஆட்டிக்கொண்டிருந்த தலைகள்
எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

வாசிக்கிறேன்.
கள்ளத்தராசு வரும் இடத்தில்
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஆலை வாசல் எடைமேடையில் உட்காருபவள் நான்.
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
போச்சம்பள்ளி ரோடு வரை நிற்கும் சீசனில்
முதல் எண்பது கிலோவை என் மிஷின் எண்ணாது.
விஷயம் தெரிந்தவர் இரண்டே பேர் என்றிருந்தேன்.
மூன்று என்று இன்று திருத்திக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை திம்மராயப்பன் கேட்டார்:
"சரியாப் பாத்தியாம்மா?
தோட்டத்துல போட்டப்ப கூட இருந்துச்சே."
"வர்ற வழியில வெயிலுக்கு வத்தியிருக்கும்ணா."
அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிலோ ஐந்து ரூபாய். எண்பதுக்கு நானூறு.
முதலாளி கொடுத்த சீசன் இனாமில்
கிருஷ்ணகிரி ரவுண்டானா கடையில்
நான் வாங்கிய செருப்பும் நானூறு.
ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றார்கள் என்பதை
உவமை என்றே நினைத்திருந்தேன் இத்தனை வருஷம்.
அது வெளியே வாசற்படியில் கிடக்கிறது,
ஜோடியாக, சமர்த்தாக.

ஆட்டுக்காரனுக்குக் காட்டப்பட்டது ஒரு கூடைப் பழம்.
எபிரேயத்தில் கோடைக்கனியும் முடிவும்
ஒன்றுபோல் ஒலிக்குமாம், ஆயர் ஒருமுறை சொன்னார்.
நம்மிடமும்தான்,
பழுத்ததும் பழுதும் பக்கத்து வீடு.

ஜன்னலுக்கு வெளியே பாதி எழும்பிய மணிக்கோபுரம்.
கொத்தனார் மறந்துபோன தூக்குநூல்
ஆடாமல் தொங்குகிறது.
சுவரை இப்போது நான் பார்க்க விரும்பவில்லை.

நியாயத்தீர்ப்பு என்றால் நெருப்பு,
வேறு யாரோ வேகிற நெருப்பு
என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே ஒரு நினைப்பு.
வந்தபோது அதற்கு
சட்டைப்பையில் வெற்றிலை வைத்திருக்கும்
ஒரு மனுஷனின் குரல்:
சரியாப் பாத்தியாம்மா.

வாசித்து முடித்தேன்.
இவ்வாறு முதலாம் பாடம் முடிகிறது என்றேன்.
செல்வநேசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்,
வியர்வைதான்.
ஞானப்பாட்டு எழுப்பினார்கள்.
எனக்கு மேலே யாரோ காதைப் பொத்திக்கொண்டதுபோல்.

திங்கள் காலை ஆறரை. லாரி ஒன்றும் வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
எடைமேடை நடுவில் போய் நின்றேன்.
ஐம்பத்திரண்டு கிலோ நான்.
திரையில் பூஜ்யம்.
ஒரு முறை குதித்தேன். பூஜ்யம்.

மிஷின் பெட்டிச் சாவி முதலாளியிடம்.
முத்திரை ஆய்வாளரின் போன் நம்பர்
சுவரில், கரையான் பாதி தின்ற தாளில்.
மாதத் தவணை, அம்மாவின் மாத்திரை,
அடுத்த ஞாயிறு எந்த பெஞ்சில் உட்காருவது,
எல்லாம் யோசித்தேன்.

ஏழு எண் அழுத்திவிட்டேன்.
இன்னும் மூன்று.