ஈரம்

பரிசுத் தொகை ஒரு காப்பீட்டு நிறுவனத்துடையது.
டெவென்டரில் ஆறு பெருகிய டிசம்பரில்
நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து
வீட்ஸ்கெயின் பதினோரு பெட்டிப் புத்தகங்கள் ஊறியபோது
அவர்கள்தான் இரண்டே வரியில் எழுதினார்கள்:
ஆற்று நீர் ஒப்பந்தத்தில் சேராது.

அந்த நிலவறையைத்தான் நாவலாக்கினாள்.

இன்று ஹேக் நகர மேடையில்
அவள் பெயரைத் தப்பாக உச்சரித்த இயக்குநர்
"என்ன ஈரம் இந்த எழுத்தில்!" என்கிறார்.
கைதட்டல்.
கதவளவு அட்டையில் ஒரு காசோலை.

ரயில் இருக்கைக்குள் அது அடங்கவில்லை.
சைக்கிள்களோடு சாய்த்து வைத்து
மேல்கோட்டைப் போர்த்தியிருக்கிறாள்.
ஆமர்ஸ்ஃபோர்ட்டில் ஏறியவன் கேட்கிறான்,
எவ்வளவு?

"பெட்டிகளுக்கு நான் கேட்டதைவிட
நாற்பது யூரோ குறைவு."

பாலத்தில் ரயில் மெதுவாகிறது.
கீழே ஆறு,
இன்னும் எந்த ஒப்பந்தத்திலும் சேராமல்.