முழிவியளம்

நெல்லியடியில் எனக்குத் தொழில் கலியாணவீடு.
தாலி ஏறும் கணத்துக்காக
ஐயரின் முழங்கைக்கும் மாப்பிள்ளையின் தோழனுக்கும் இடையில்
மூச்சடக்கி நிற்பவன்.
முகூர்த்தமில்லாத நாட்களில்
அதே மூச்சை மணற்காட்டுக்குக் கொண்டுபோவேன்.

சவுக்கங்காட்டு ஓரம். விடிய நாலரை.
மோட்டச்சைக்கிளைப் பாதி புதைந்த கோயிற்சுவரில் சாத்திவிட்டு
மணலில் வயிற்றால் ஊருவேன்.
முதலில் காது தெரியும்.
பிறகுதான் நரி.

நல்லது நடந்தால் ஊரில் கேட்பார்கள்,
"நரி முகத்திலை முழிச்சனியோ?"
நான் முப்பத்தெட்டு விடியல் முழித்தேன்.
கிடைத்தது நெஞ்சுச்சளி,
தவணை பிந்திய லென்ஸ் கடன்,
பதினொரு முகங்கள்.
ஒருவனுக்கு வால் அரைவாசிதான்.
ஒருத்தி பனம்பழம் தின்றுவிட்டு
பல்லில் சிக்கிய தும்போடு நெடுநேரம் சண்டை பிடிப்பாள்.

ஆவணியில் சனசமூக நிலையத்தில் கூட்டம்.
கதிரை போதாமல் கரைவலைக்காரர் யன்னலில்.
"கருவாட்டுத் தலைக்குள்ளை குருணை வையுங்கோ,
ரெண்டு கிழமை. பிறகு ஊளை கேளாது"
என்றார் றெஜினோல்ட்.
"முதல்லை நரியோ நாயோ எண்டு பாக்கவேணும்"
என்றான் வனசீவராசித் திணைக்களத்துப் பெடியன்.
"ரவுண்காரர் கொண்டந்து அவிட்டுவிடுற நாயளுக்கு
பழி ஏன் நரியிலை?" தயாநிதி ரீச்சர்.
"அப்ப உங்கடை வளவுக்கை கட்டி வளருங்கோவன்!"
சிரிப்பு.

எமில்டா சிரிக்கவில்லை.
மடியில் ஒரு சொப்பிங் பை,
அதற்குள் ஏழு துண்டுக் கயிறு,
ஏழிலும் கழுத்தளவுக்கு முடிச்சு.

யாரோ என்னைப் பிடித்தார்கள்:
"நீ படமெடுக்கிறனி. சொல்லு, எத்தினை நிக்குது? எங்கை படுக்குது?"
"இருட்டிலை சரியாத் தெரியிறேல்லை" என்றேன்.
என் கமரா இருட்டில் புருவமயிரையும் எண்ணும்.

சொல்லாத படம் ஒன்றிருந்தது.
ஆடி பதினேழு, ஐந்து ஐம்பத்தொன்று.
மணல்மேட்டின் முதுகில் பெண்நரி,
பின்னால் கடல் சிவக்கத் தொடங்க,
வாயில் ஓர் ஆட்டுக்குட்டி.
கொன்றதா, செத்ததைத் தூக்கியதா?
தனக்கு முந்திய கணத்தை எந்தப் படமும் சொல்லாது.
நான் எடுத்ததிலெல்லாம்
அதுதான் வடிவு. அதுதான் வில்லங்கம்.

கூட்டம் கலைந்தபின் படலையடியில்
எமில்டாவுக்குக் காட்டினேன். ஏனென்று தெரியாது.
கடலைத் தாண்டி, நரியைத் தாண்டி
படத்தைப் பெருப்பித்துக்கொண்டு போனாள்,
குட்டியின் காதுமட்டும்.
"வெட்டு இருக்கு. இது செல்லி போட்டது."
பிறகு விரல் திரும்பி வந்து
நரியின் வயிற்றில் நின்றது.
"பால் குடுக்கிறாள்" என்றாள்,
ஆட்டுக்காரி கண்ணால்.

ஏச்சுக்காகக் காத்து நின்றேன்.
"வடிவாத்தான் எடுத்திருக்கிறாய்."
அந்தத் "தான்" இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது.
"வைபரிலை போட்டுவிடு."
போட்டுவிட்டேன்.
யாருக்குக் காட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

புரட்டாதியில் மணலில் ஒரு கருவாட்டுத் தலை.
பக்கத்தில் காகம், கால் மடங்கி.
படமெடுக்கவில்லை. இரண்டையும் தாட்டுவிட்டு
கையைக் கடலில் மூன்றுதரம் கழுவினேன்.
அதற்குப் பிறகு முகங்கள் எட்டு.
ஒரு விடியல் ஆறு.
நரி இடம் மாறும் என்கிறான் திணைக்களத்துப் பெடியன்.
மாறட்டும்.
அரைவாலனுக்கு மாறவும் ஓர் இடம் இருக்கட்டும்.

நேற்றுத் துன்னாலையில் கலியாணம்.
மண்டபத்தைவிட்டு வெளியே வர
வெயிலோடு மழை.
"நரிக்குக் கலியாணம்! நரிக்குக் கலியாணம்!"
சின்னன்கள் கத்திக்கொண்டு ஓட,
பொம்பிளை கூறைத் தலைப்பைத் தலைக்குமேல் பிடித்துச் சிரித்தாள்.
அதை எடுத்தேன்.
பொக்கற்றுக்குள் ஃபோன் அடித்தது.
எமில்டாவுக்கென்று வேறாக வைத்திருந்த சத்தம்.
இரண்டு கையிலும் கமரா.
லென்ஸில் ஒரு துளி,
சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்து முடிந்தபின்னும்.