கிரக வாடகை

மின்வாரிய அட்டையில் அவள் பெயர்
தமயந்தி சிவா.
தமாண்டா சிர்வா என்று
மூன்று முறை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பார்த்தோம்.
கவுன்ட்டரில் இருந்தவர்
தனக்குப் புரிகிற ஒரு பெண்ணாக
அவளைத் திருத்திக் கொடுத்தார்.
கரன்ட் வந்தால் போதும் என்றாள்.

சாலிகிராமத்தில் மாடியில் ஒன்றரை அறை.
கீழே மாவு மில்.
மில் ஓடும் நேரம் டப்பிங் கிடையாது.
வாசல் பலகையில் ஈர நட்சத்திரம் பிலிம்ஸ்.
முதலாளி, கதை, இயக்கம் அவள்.
தயாரிப்பு நிர்வாகி எபிநேசர், அதாவது நான்.
இருபத்தாறு வருஷம் வவுச்சர் எழுதிய கை.

வாரத்துக்கு ஒரு போன் வரும்.
"ஆப்பிரிக்கா மேடம் கம்பெனிதானே?
நாலு ஆள் வேணும், வாட்டசாட்டமா.
போதைப்பொருள் சீன். வசனம் இல்ல,
அடி வாங்கணும்."
அதற்குள் அவளுக்கு
வேண்டிய மட்டும் தமிழ் வந்திருந்தது.
"எனக்கும் நாலு தமிழ் ஆள் வேணும்.
வேற்றுக்கிரகவாசி.
வசனம் உண்டு, அடி கிடையாது. அனுப்புறீங்களா?"
அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

கதை என்னவென்றால்,
மலாவியில் ஏரி வற்றிப்போன ஒரு ஊர்
தன் படகுகளை எல்லாம் உருக்கி
ஒரு கப்பல் செய்து கிளம்புகிறது.
போய் இறங்குகிற இடம்
"ஆளில்லாத கிரகம்."
ஸ்கிரிப்டின் முதல் வரியே அதுதான்.

கிரகத்துக்கு எண்ணூர் போனோம்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
கண்ணுக்கெட்டிய மட்டும் நரைத்துக் கிடந்தது.
செட் போட்டால் நாற்பது லட்சம்.
இங்கே இருமல் மட்டும்தான் செலவு.
புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய லாரி டேங்க்
வெள்ளிப் பெயின்ட்டில் வந்து இறங்கியது.
ஆர்ட் டைரக்டர் லோகு அதற்கு
மூன்று கால் வைத்திருந்தான். ஒன்று குட்டை.

ஏழாவது ஷாட். காலை ஆறு பத்து.
கப்பலின் கதவு திறக்கிற நேரம்,
ஃபிரேமின் இடது ஓரத்தில்
ஆற்றுச் சேற்றிலிருந்து எழுந்து வந்தாள் ஒருத்தி.
பல்லில் பறி,
பறிக்குள் கையால் தடவிப் பிடித்த இறால்,
இடுப்பு வரை சாம்பல் ஈரம்.
"யாருப்பா அது, க்ளியர் பண்ணு!"
உதவி இயக்குநர் ஓடினான்.
தமாண்டா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.
கட் சொல்லவில்லை.

வந்தவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
டேங்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள்.
"இன்னாமே இது?
எங்க எடத்துல எவனக் கேட்டு எறக்குனீங்க?"

மதியம் வேனுக்குள்
தயிர்சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே
முதல் வரியை அடித்தாள் தமாண்டா.
பேனா தாளைக் கிழித்தது.
"எங்க ஏரிக்கும் நோட்டும் கையுமாத்தான் வந்தாங்க, எபி.
அவங்க எழுதினதையே
நானும் எழுதி வச்சிருக்கேன் பாரு."
அப்புறம் சாப்பிட்டாள். ஊறுகாய் கேட்டாள்.

சம்பளம் பேசும் வேலை எனக்கு.
ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ரேட் சொன்னேன்.
அவள் இறாலுக்கு விலை சொல்கிற தோரணையில் சொன்னாள்:
"நடிச்சதுக்கு வேணாம்.
எறங்குனதுக்குக் குடு."

எந்தத் தலைப்பில் எழுதுவது?
லொகேஷன் என்றால் அனுமதிக் கடிதம் எங்கே என்பார் ஆடிட்டர்.
பேட்டா என்றால் பொய்.
யோசித்து யோசித்து,
முன்பு எந்தக் கம்பெனியிலும் எழுதாததை எழுதினேன்.
கிரக வாடகை, நாள் ஒன்றுக்கு,
ரூபாய் ஆறாயிரம்.
பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை
அவளையே சொல்லச் சொல்லி எழுதினேன்.
தேசம்மா.

ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு,
பணத்தை எண்ணி,
நாளைக்கும் வந்தால்
ரேட் வேறே என்று சொல்லி,
போகிற வழியில் லோகுவிடம் நின்றாள்.
"அந்த மூணாவது கால் ஆடுது.
கீழ ஒரு செங்கல்லு வையி."