ஆறு பார்

கடைசி விபத்து நடந்து நூற்றுப் பதினேழு நாள் என்கிறது
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கேட்டுப் பலகை.
ஏழு தொங்கும் கொக்கி தளர்ந்திருக்கிறது.
லாரி போனால் அது மட்டும் ஆடும்.

இரண்டாம் ஷிப்ட் டீ, பதினோரு நிமிஷம்.
அதற்குள் நாற்பது பேரிடம்
இருபத்திரண்டு கேள்வி கேட்டு முடிக்க வேண்டும் நான்.
'ஒருபோதும் இல்லை' என்றால் ஒன்று.
'எப்போதும்' என்றால் ஐந்து.
கிளாஸின் ஈர வட்டம் பதிந்த தாள்களில்
எல்லோரும் மூன்றில் நின்றார்கள்,
மழைக்கு ஒரே கூரையில் ஒதுங்கியவர்கள் போல.

மங்கையர்க்கரசி கேட்டாள்:
"பேர் எழுதணுமா மேடம்?"
வேண்டாம் என்றேன்.
"டோக்கன் நம்பர்?"
அது வேண்டும்.
அவளும் மூன்று.

பெஞ்சலய்யாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
சூலூர்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவர்,
நூற்றறுபது டன் பிரஸ்ஸில் ஒன்பது வருஷம்.
வாசித்துக் காட்டினேன்:
வேலையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது?
"ஒத்திடியா?"
ஆமாம், ஒத்திடி.
எழுந்து போனார்.
மெஷினின் முதுகுப்பக்கம் குனிந்து
கேஜின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து
"ஆறு" என்றார்.
"ஆறு பார். கரெக்டு.
நாலுக்குக் கீழ போனா அதே நின்னுடும் மேடம்."

சிரித்திருக்கலாம்.
ஆனால் பின்னாலேயே போயிருந்தேன்.
இரண்டு கையும் அழுத்தினால்தான் இறங்க வேண்டிய பிரஸ்.
இடது பொத்தானைச்
சைக்கிள் ட்யூப் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

எப்போதிலிருந்து?

"டார்கெட் எண்ணூறு ஆச்சில்ல, அப்போலேந்து."

நான் கேட்காமலே அவிழ்த்துக் கையில் கொடுத்தார்.
உள்ளங்கைச் சூடு இருந்தது ரப்பரில்.
"இன்னிக்கு அறுநூத்தி அம்பதுதான் வரும்.
அதையும் எழுதிக்கோங்க."
அதற்கு என் தாளில் இடம் இல்லை.

கம்ப்யூட்டர் ஆறை வாங்கவில்லை.
ஒன்று முதல் ஐந்து வரை மட்டும் என்று சிவந்தது.
ஐந்து போட்டுப் பார்த்தேன்,
காலியாக விட்டுப் பார்த்தேன்.
எப்படிப் போட்டாலும் சராசரி மூன்று சொச்சம்,
பச்சைக் கட்டத்தில் 'மிதம்'.
பாதுகாப்புக்குப் பாதிப்பு என்ற வரிசைக்கு நேரே
மேனேஜர் ஒரு கோடு இழுத்தார்.

காலையில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறினார்.
ஏழு இறங்கிற்று, எட்டு ஏறிற்று.
ட்யூப் துண்டு என் கைப்பையில்,
டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடக்கிறது.
பிரஸ் ஷாப் போர்டில் எண்ணூறு அப்படியே இருக்கிறது.

ரப்பருக்கா பஞ்சம்?
ஸ்டாண்டில் முப்பது சைக்கிள் நிற்கிறது.