இரண்டு நாற்பது

ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே
ஒரு மிஷின் சராசரியாய் எத்தனை மணிநேரம் ஓடும்?
இதுதான் என் ஆராய்ச்சி.
பேராதனையிலிருந்து ஒரு லேப்டொப்,
இரண்டு அதிர்வுமானி, இரவல் கம்பளிக் கோட்டு
இவற்றோடு அப்கொட்டுக்கு மேலே
அந்த ஃபெக்டரிக்கு வந்து பதினேழு இரவுகள்.

வாடிய கொழுந்து மேல்தட்டிலிருந்து சறுக்கி இறங்கும்.
நான்கு ரோலர். ஒரு பிரேக்கர்.
சல்லடை குலுங்கக் குலுங்க அடியில் குவியும் ஈரத்தூளை
அள்ளி அள்ளித் தள்ளுவண்டியில் போடுகிறவன் மருதவீரன்.
என் படிவத்தில் அவனுக்குக் கட்டமில்லை.
பெல்ட்டுக்கு உண்டு, பேரிங்குக்கு உண்டு,
கரண்டுக்கும் மழைக்கும்கூட உண்டு.

லொக் புத்தகம் சொன்னது:
02.40. பிரேக்கர் பெல்ட் கழன்றது. 11 நிமிடம்.
மறுநாள்,
02.40. பெல்ட் கழன்றது.
அதற்கு மறுநாளும்.
பழுதுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது.
அது குளிக்கும்போது வரும், துரை வரும்போது வரும்,
இப்படி வேலைக்கு வருவதுபோல் வராது.
புதுப் பெல்ட் போடச் சொன்னேன். போட்டார்கள்.
அன்றும் இரண்டு நாற்பதுக்குக் கழன்றது.

பதினெட்டாம் இரவு
லேப்டொப்பை மூடிவிட்டு
விறகு அடுக்கின் மறைவில் நின்றேன்.
ரோலர்கார சவரிமுத்து
கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கம்பொன்றை
ஓடும் பெல்ட்டின் விளிம்பில் வைத்து
ஒரே நெம்பு.
பிரேக்கர் பெருமூச்சு விட்டு நின்றது.
மருதவீரன் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தான்.
உட்காரும் முன்பே தூங்கியிருந்தான்.

என்னைக் கண்டதும் கம்பை மறைக்கவில்லை சவரிமுத்து.
"பகல்ல மரக்கறித் தோட்டத்துல கெழங்கு கெண்டுறான் மிஸ்.
ரெண்டரைக்கு மேல கையில சவல் இருக்கும், கண்ணு இருக்காது.
போன வருசம் சன்னாசிக்கு அப்பிடித்தான் வெரலு போச்சு."
"புத்தகத்தில் அது இல்லையே?"
"புத்தகம் மிஷினுக்குங்க."

பெல்ட்டின் காப்புக்கூடு சுவரில் சாய்ந்து கிடந்தது.
திருகாணிகள் இருக்கவேண்டிய இடத்தில்
நான்கு துளைகள்.
ஒருவன் தூங்குவதற்காக
இன்னொருவன் கை இரவுதோறும் அங்கே போய் வருகிறது.
ஒருநாள் போய், வராமலிருக்க
எவ்வளவு நிகழ்தகவு என்று கணக்கிட எனக்குத் தெரியும்.
கணக்கிட்டேன்.
இங்கே எழுதப்போவதில்லை.

அறிக்கையில் எழுதியது இது:
பிரேக்கர் பேரிங் சூடேறுகிறது. தினமும் 02.40க்கு
சுவிட்சை அணைத்து, எண்ணெய் விட்டு,
இருபது நிமிடம் ஆறவிடவும்.
காப்புக்கூட்டைத் திரும்பப் பூட்டவும்.

"இருபதா?" என்றார் டீமேக்கர் ஹேரத்.
"பேரிங்குக்கு" என்றேன்.
கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருதரம் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.

திட்டமிட்டு நிறுத்தினால் அது பழுதல்ல,
எங்கள் துறையில் விதி அப்படி.
மூன்றே மாதத்தில் என் வரைபடத்தின் கோடு
மலையேறியது.
பேராசிரியர் இரண்டு தரம் "சபாஷ்" என்றார்.
காரணம் என்ற பத்தியை மட்டும்
ஐந்துமுறை எழுதி ஐந்துமுறை அழித்தேன்.
இதிலே வேடிக்கை,
சொல்லிவிட்டேனே என்பதற்காக
சவரிமுத்து நிஜமாகவே எண்ணெய் விட்டிருக்கிறார்.
அந்தப் பேரிங் இன்னும் மாற்றப்படவில்லை.

போன கிழமை ஃபெக்டரிக்குக் கோல் எடுத்தேன்.
கூடு பூட்டித்தான் இருக்கிறதாம்,
மூன்று திருகாணி ஒரே நிறம், நாலாவது வேறு.
மருதவீரன் சித்திரை கழிந்து கொழும்புக்குப் போய்விட்டான்,
ஏதோ ஹார்ட்வெயார் கடை.
அங்கே உட்காரவிடுவார்களா என்று
சவரிமுத்துவுக்கும் தெரியவில்லை.
பிரேக்கருக்கு அடியில் இப்போது வேறு பையன்.
பெயர் கேட்டேன். சொன்னார். இரைச்சலில் விழவில்லை.
மறுபடி கேட்டேன்.
"ரெண்டு நாப்பதுக்கு எடுங்க மிஸ்,
அப்பக் கேக்கும்."