போல

ஒல்டனில் நவம்பர் என்றால் வெயில் ஒரு வதந்தி.
ஆரே ஆற்றிலிருந்து ஏறும் மூடுபனி
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் கண்ணாடிவரை வந்து
உள்ளே எங்கள் நீராவியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மடிக்கும் இயந்திரம் திங்கட்கிழமை நின்றுபோனது.
கையால் மடியுங்கள், இரண்டிரண்டு பேராக,
என்றாள் மேற்பார்வைக்காரி எக்லி.
எனக்கு எதிரே விட்டது
புதிதாய் வந்த ஜெபநேசனை.

புதிது அவளுக்கு.
எனக்கு அவர் பதினாலு வருசப் பழசு.
சீட்டுக்காசு பதினோராயிரத்து நானூறு பிராங்.
ஒரு வெள்ளி இரவில் வீடு பூட்டியிருந்தது.
பிரான்ஸ் பக்கம் என்றார்கள்.
பெத்ரைபுங் போடப் போனேன்.
அலுவலர் தாள் கேட்டார்.
சீட்டுக்கு ஏது தாள்? வாய்தான்.

வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது.
ஒவ்வொரு மார்கழியும், நத்தார்ப் பலகாரம் சுட்டு
அடுப்பை அணைத்த பிறகு,
வட்டி எழுதுவேன். ஐந்து வீதம். கூட்டுவட்டி.

பரமண்டல ஜெபத்தில் எங்கள் சபையார் சொல்வது
கடன் என்று.
கத்தோலிக்க மச்சாள் வீட்டில் அது குற்றம்.
குற்றம் என்றால் எனக்கு வசதி,
கடன் என்றதும் கணக்கு வந்துவிடுகிறது.
பக்கத்திலேயே அந்தப் 'போல'.
நாங்கள் மன்னிப்பதை அளவாக வைத்துக்கொள்ளும்
என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.
ஈரெழுத்து.
பதினாலு வருசமாக அந்த இடத்தில் எனக்கு இருமல்.

விரிப்பின் இரண்டு முனை அவரிடம், இரண்டு என்னிடம்.
இழு. உதறு. பாதியாக மடி.
பிறகு யாராவது நடந்துபோய்
முனையோடு முனை சேர்க்கவேண்டும்.
துணிக்கு வேறு வழி தெரியாது.
நாற்பது விரிப்பு. நாற்பது தரமும் அவர்தான் வந்தார்.
நான் நின்ற இடத்தில் நின்று
விரல் படாமல் வாங்கினேன்.

மூன்றாம் நாள், துணிக்குப் பின்னாலிருந்து,
முகம் காட்டாமல்:
"அக்கா, மாதம் ஐம்பதாகத் தரட்டா?"
மனம் உடனே வகுத்தது.
பத்தொன்பது வருசம், வட்டி இல்லாமல்.
அவருக்கு இப்போதே அறுபத்தொன்று.

அன்றிரவு கொப்பியை எடுத்தேன்,
கிழிக்க அல்ல, கூட்டலைச் சரிபார்க்க.
ஏனென்று தெரியவில்லை, பேர்ன் ஞாபகம் வந்தது.
முப்பது வருசத்துக்கு முந்திய அகதி விசாரணை அறை.
அங்கே
பக்கத்து வீட்டு ஞானசெல்வியின் மகனுடைய சாவை
என் தம்பியின் சாவாகச் சொன்னேன்.
நாள், சந்தி, சட்டையின் நிறம், எல்லாம் உண்மை.
பிள்ளை மட்டும் எங்கள் வீட்டுப் பிள்ளை அல்ல.
அந்தச் சாவில் எனக்கு விசா கிடைத்தது.
அதில்தான் என் மக்கள் படித்தார்கள்.
ஞானசெல்வி அக்கா இன்றும் நத்தாருக்கு வாழ்த்து அனுப்புகிறார்,
தம்பி சுகமா என்று கேட்டு.

அதற்கு எந்தக் கொப்பியில் வட்டி போடுவது?
வானத்திலும் ஒரு பெத்ரைபுங் அலுவலகம் இருந்து,
பதிவுத்தாள் பார்த்துத்தான் வீடு தருவோம் என்றால்
எனக்கு ஓர் அறை கிடைக்குமா?
கிடைத்திருக்கிறது.
முப்பது வருசமாகக் குடியிருக்கிறேன்.
ஒருவரும் தாள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் திருத்தக்காரன் வரவில்லை.
முதல் விரிப்புக்கு நான் நடந்துபோனேன்.
அவர் திடுக்கிட்டு ஒரு முனையைத் தவறவிட்டார்.
"ஐம்பதும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்றேன்.
குரல் கடுமையாக வந்தது, ஏசுவது போல.
அவர் முகத்தில் இருந்தது நீராவியா வேறெதுவுமா,
பார்க்கவில்லை.
பேச்சைக் குறையுங்கள் என்றாள் எக்லி.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய்.
அவர் மகள் புதுக் கார் எடுத்ததாக
பஸ்ஸில் யாரோ சொன்னபோது பல்லைக் கடித்தேன்.
கொப்பியும் அலமாரியில்தான்.
இந்த மார்கழி அதை எடுக்கவில்லை, அவ்வளவே.
ஞானசெல்விக்கு ஒரு கடிதம் தொடங்கியிருக்கிறேன்.
'அன்புள்ள அக்கா' வரை வந்திருக்கிறது.

தை மாத முதல் ஞாயிறு, ஆராதனையில்
அந்த இடம் வந்தது.
இருமல் வரவில்லை.
எல்லோரும் சொல்லிக் கடந்த பிறகு,
கொஞ்சம் பிந்தி,
ஈரெழுத்தை நானும் சொன்னேன்.