காட்டாதே

டார்ட்டுவில் நவம்பர் என்றால்
மூன்றரைக்கே இருட்டு.
அப்படியொரு வியாழக்கிழமைதான்
அந்தச் செருகுநிரலைப் போட்டேன்.
குறிப்பேட்டை மூடாமலே
அதன் தோற்றத்தைத் திருத்தலாம்.
இடப்பக்கம் விதி, வலப்பக்கம் விளைவு.
ஓர் எண்ணை மாற்றினால்
அந்தக் கணமே ஓரம் அகலும்,
வரிகள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும்.

தலைப்புகளுக்குப் பாசிப்பச்சை கொடுத்தேன்.
பதினாறு பிக்சல் எழுத்தைப் பதினெட்டாக்கி
கண்ணாடி மாற்றுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போட்டேன்.
அட்டவணைக் கோடுகளை மெலிய வைத்து
மறுபடி தடிக்க வைத்து
இரண்டும் பிடிக்காமல் இடையில் விட்டேன்.
ஒன்பது மணி ஆயிற்று.
எழுத வேண்டிய அறிக்கை
ஒரு சொல்கூட நகரவில்லை.

பிறகுதான் அந்த விதி:
குறுக்கே கோடு விழுந்த வரி எதுவானாலும்
காட்டாதே.
அரைப்புள்ளி. நெளி அடைப்பு. முடிந்தது.

இவிகாவின் வரிகள் அவை.
ஹல்லிசூ சதுப்பில், ஏழாம் குழாயில்
அவள் அளந்த நீர்மட்டங்கள்.
முப்பத்தொன்று. முப்பத்து நான்கு. நாற்பது.
பக்கத்துக் குழாய்களில்
தரைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழேயே தண்ணீர் நிற்க
இதென்ன நாற்பது?
பலகைப்பாதையின் கடைசி வரை நடக்கச் சோம்பி
காரில் உட்கார்ந்தே போட்ட கணக்கு என்று
நான்தான் கோடிழுத்தேன்.
அவளைக் கேட்கவில்லை.
அவளும் ஒன்றும் சொல்லாமல்
மார்ச்சில் பார்னுவுக்கு வேலை மாறிப் போனாள்,
ரப்பர் பூட்ஸை அலமாரியில் விட்டுவிட்டு.

விதி விழுந்ததும் பக்கம் துப்புரவானது.
இரண்டு குளிர்காலம் அப்படியே வாசித்தேன்.
அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன்.

நடுவில் ஒரு செப்டம்பர்.
ஏழாம் குழாயில் நானே கோலை இறக்கினேன்:
ஐம்பத்திரண்டு.
கோலைத் துடைத்து மறுபடி இறக்கினேன்.
ஐம்பத்திரண்டு.
முப்பதடி தள்ளிப் பாசியை விலக்கினால்
தூர்ந்துபோனதாக வரைபடம் சொன்ன பழைய வாய்க்கால்
சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
அறிக்கையில் எழுதினேன்:
'நீர்மட்டம் திடீரெனச் சரிந்துள்ளது.'

நேற்றிரவு, வேறெதற்கோ
ஓரத்தை இரண்டு பிக்சல் குறைக்கப்போய்
ஓர் அடைப்பை மூடாமல் விட்டேன்.
அதன் கீழிருந்த விதிகளெல்லாம் ஒரே நொடியில் செத்தன.
பச்சை போய்த் தலைப்புகள் கறுத்தன,
எழுத்து சிறுத்தது,
அட்டவணை கோணிக்கொண்டது,
கோடு விழுந்த வரிகள்
போட்டது போட்டபடி எழுந்து வந்தன.

முப்பத்தொன்று.
முப்பத்து நான்கு.
நாற்பது.
அடுத்த படியில் என் ஐம்பத்திரண்டு.

அடைப்பை மூடினேன்.
பச்சை திரும்பியது, அவை மறைந்தன.
திறந்தேன், வந்தன.
நாலைந்து முறை இப்படிச் செய்தேன்,
ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து
விளக்கைச் சோதிக்கும் பிள்ளை மாதிரி.

கடைசியில் அந்த விதியை அழித்தேன்.
ஆனால் கோடு விதியில் இல்லை,
கோப்பில் இருக்கிறது, என் கையால் போட்டது.
நிறம் தரலாம், மெலிய வைக்கலாம்;
எடுக்க வேண்டுமானால்
வரி வரியாகப் போய்த்தான் எடுக்க வேண்டும்.
இருபத்து மூன்று வரிகள்.
எடுத்தேன்.
அறிக்கையில் 'திடீரென' என்ற சொல்லையும் எடுத்தேன்.

பிறகு புதிய பக்கம்,
எந்த அலங்காரமும் இல்லாமல்.
'இவிகா, உன் பூட்ஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது'
என்று தொடங்கிவிட்டு
அடுத்த வரிக்குக் காத்திருக்கிறேன்.
வெளியே பனிவாரும் வண்டி
இரண்டாம் முறையாகத் தெருவைக் கடக்கிறது.